வாசல் விளக்கு எரியும் வீடுகள்: சின்னப் பிள்ளைகளோடு முதல் ஹாலோவீன்

டொராண்டோ பக்கம் குடிவந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். அக்டோபர் பிறந்ததும் எதிர்வீட்டுப் புல்வெளியில் ஒரு கல்லறை முளைக்கும். பக்கத்து வீட்டு மரத்தில் பஞ்சு மாதிரிச் சிலந்தி வலை தொங்கும். பள்ளிவிட்டு வந்த பிள்ளை, "எனக்கு என்ன வேஷம்மா?" என்று கேட்கும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்தபோது மகனுக்கு நாலு வயது, மகளுக்கு இரண்டு. அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள் என்றார்கள். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பதா என்று எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

அதற்கப்புறம் ஒரு ஹாலோவீன்கூட விட்டதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கட்டாயம் போங்கள். வருஷம் முழுக்கச் சாத்தியே கிடக்கும் கதவுகளைத் திறந்துவைத்து, தெருவே உங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்கும் சாயங்காலம் இது. எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவந்ததே அன்றைக்குத்தான். பிள்ளை சின்னதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். அதைத்தான் நாள் வரிசையில் சொல்கிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவின் முதல் கேள்வி, "குழந்தைக்குப் போய்ப் பேய் வேஷமா?" என்பதுதான். உங்கள் வீட்டிலும் இது வரும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை சௌவின் என்று கொண்டாடினார்கள். அன்றிரவு ஆவிகள் நடமாடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பிறகு நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் எல்லோருடைய திருநாள் ஆயிற்று. அதற்கு முந்தின மாலைதான் ஹாலோவீன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இதையும் கூடவே கொண்டுவந்தார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள். இங்கே பூசணி பெரிதாகவும் குடைய எளிதாகவும் கிடைத்தது.

நம் ஊரில் புது வீட்டு வாசலில் கோரப்பல்லும் மீசையுமாகத் திருஷ்டிப் பூசணி தொங்குமே, அது நினைவுக்கு வந்துவிட்டது அம்மாவுக்கு. வீடுவீடாகப் போவதற்கும் நம்மிடம் ஒன்று இருக்கிறது. நவராத்திரிக்குக் குழந்தைக்குக் கிருஷ்ணர் வேஷமோ ராதை வேஷமோ போட்டு, கொலு வைத்த வீடுகளுக்கு அழைத்துப்போய்ச் சுண்டல் வாங்கி வருவோம். அப்படிச் சொன்னதும் அம்மாவுக்குச் சமாதானம் ஆகிவிட்டது. 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்றே சேர்ந்து வந்தன. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் சாயங்காலம் வண்ணத்துப்பூச்சியாகவும் தீயணைப்பு வீரராகவும் தெருவில் இறங்கினார்கள்.

மூன்று வாரம் முன்பே: வேஷம்

சின்னப் பிள்ளைக்கு வேஷம் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குளிர். அக்டோபர் கடைசியில் இங்கே மாலை வெயில் இறங்கியதும் பெரும்பாலும் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். மழைத் தூறலும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய சாட்டின் துணியில் தைத்த இளவரசி உடையை அளவெடுத்த மாதிரி வாங்கிவிட்டால், கடைசி நிமிஷத்தில் அதற்கு மேல் கனத்த ஜாக்கெட்டைப் போட்டு மூட வேண்டிவரும். "யாருக்கும் என் டிரெஸ் தெரியலையே" என்று பிள்ளை வாசலிலேயே அழும். அதனால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேலே வேஷம். இரண்டு வயதுக்குள் என்றால் பஞ்சு பொதிந்த கரடி, முயல் மாதிரி ஒரே துண்டாக வரும் உடைதான் என்னைக் கேட்டால் மிகச் சிறந்தது. அதுவே ஸ்வெட்டர், அதுவே வேஷம்.

நடக்கும்போது மிதிபடாத அளவுக்கு நீளத்தைக் குறைத்துத் தையல் போடுங்கள். ரப்பர் முகமூடி வேண்டாம். பிள்ளைக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, மூச்சும் முட்டும். முகத்தில் வண்ணம் பூசலாம், ஆனால் இரண்டு நாள் முன்னதாகக் கைக்குள் ஒரு பொட்டு தடவிப் பாருங்கள், அரிக்கிறதா என்று. தினமும் பள்ளிக்குப் போட்டுப்போகும் காலணியே போதும்.

டாலராமாவில் சிறகு, வால், மந்திரக்கோல் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். வேல்யூ வில்லேஜ் மாதிரிப் பழைய துணிக் கடைகளில் போன வருஷத்து வேஷங்கள் நல்ல நிலையில் வரும். இரண்டு மணி நேரம் போடப்போகிற உடைக்கு நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. இன்னொன்று: இன்னொரு இனத்தாரின் உடையை, குறிப்பாகப் பூர்வகுடி மக்களின் இறகுக் கிரீடத்தை, வேஷமாகப் போடுவதும் நிறம் மாற்ற முகத்தில் கறுப்பு பூசுவதும் இங்கே மனதைப் புண்படுத்தும் காரியங்கள். கடையில் தொங்கினாலும் எடுக்காதீர்கள்.

பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். சில பள்ளிகளில் வேஷத்தோடு வரலாம். சிலவற்றில் ஆரஞ்சும் கறுப்பும் கலந்த உடை மட்டும்தான். பொம்மைக் கத்தி, துப்பாக்கி எங்குமே கூடாது. வகுப்புக்கு ஏதாவது கொடுத்தனுப்பினால் வேர்க்கடலை கலக்காததாக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்: ஒத்திகை

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பகலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, போகப்போகும் தெருவில் ஒரு நடை நடந்து வாருங்கள். அலங்காரப் பொம்மைகளில் பல, ஆள் பக்கத்தில் போனதும் கண் சிவந்து அலறுகிற மாதிரி செய்தவை. 2020-ல் ஹோம் டிப்போ கடை 12 அடி உயர எலும்புக்கூடு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது பல தெருக்களில் அது கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பெரியவர்களுக்கே ஒரு கணம் திக்கென்று இருக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் காலைத் தொட்டுப் பார்த்து, "பிளாஸ்டிக்குடா கண்ணா" என்று தட்டிக் காட்டிவிட்டால் இரவில் பயம் பாதி குறைந்துவிடும். அப்படியும் பயந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். தைரியம் வரட்டும் என்று இழுத்துக்கொண்டு போனால் மற்ற வீடுகளுக்கும் வராது.

வீட்டுக்குள்ளும் ஒத்திகை பாருங்கள். அப்பா உள்ளே நிற்க, பிள்ளை வெளியிலிருந்து கதவைத் தட்டட்டும். திறந்ததும் "ட்ரிக் ஆர் ட்ரீட்" (குறும்பா, மிட்டாயா) சொல்ல வேண்டும், மிட்டாய் வாங்கும் வாளியை நீட்ட வேண்டும், ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும், "தேங்க் யூ, ஹேப்பி ஹாலோவீன்" சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். நாங்கள் முதல் வருஷம் இதைச் செய்யவில்லை. முதல் வீட்டில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்ததும், என் மகன் நம் வீட்டுப் பழக்கப்படி வாசலிலேயே குனிந்து இரண்டு காலணியையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரே அவர்கள் கூடத்துக்குள் போய்விட்டான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவனைத் திரும்பக் கூட்டிவந்து, படியில் உட்காரவைத்து, ஈரக் காலுறையைத் துடைத்து, காலணியை மாட்டிவிட்டார். இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் முதலில் அவன் காலைத்தான் பார்ப்பார். இருந்தாலும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வாசலோடு சரி, யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது.

பேசக் கூச்சப்படும் பிள்ளை, இன்னும் பேச்சு வராத பிள்ளை என்றால் நீங்களே பின்னாலிருந்து சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அபார்ட்மெண்டில் இருக்கிறோமே

வந்த புதிதில் பெரும்பாலும் அடுக்குமாடிதான். சில கட்டடங்களில் மிட்டாய் கொடுக்க விரும்புகிறவர்கள் வீட்டு எண்ணை எழுத லாபியில் ஒரு தாள் ஒட்டுவார்கள். உங்கள் கட்டடத்தில் வழக்கம் என்ன என்று அலுவலகத்தில் கேளுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்குப் போகலாம். வேறு தெருப் பிள்ளைகள் வருவது இங்கே சாதாரணம். என் யோசனை, வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் டவுன்ஹவுஸ் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். பத்துக் கதவுக்குக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பெரிய வீடுகள் இருக்கும் தெருவில் வீட்டுக்குக் கார் போகும் பாதையான டிரைவ்வே ஒவ்வொன்றும் ஏறி இறங்கி ஐந்தாவது வீட்டிலேயே பிள்ளைக்குக் கால் ஓய்ந்துவிடும்.

அக்டோபர் 31: கிளம்புதல்

இங்கே அன்று சூரியன் மறைவது மாலை ஆறு மணி தாண்டிச் சில நிமிஷங்களில். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள் 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டதால், ஹாலோவீனுக்கு அந்த வெளிச்சம் மிஞ்சுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஐந்தரைக்குக் கிளம்புங்கள். பெரிய பிள்ளைகளின் கூட்டம் ஏழு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், அதற்குள் நீங்கள் வீடு திரும்பிவிடலாம்.

கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். இட்லியோ தயிர்சாதமோ, எதுவாக இருந்தாலும் சரி. பசியோடு போனால் வழியெல்லாம் மிட்டாயைப் பிரித்துத் தா என்று பிடுங்கும். கழிப்பறைக்குப் போய்விட்டு அப்புறம் வேஷம் மாட்டுங்கள்.

ஸ்ட்ரோலரை மறக்காமல் எடுத்துப்போங்கள். "எம்பொண்ணு நல்லா நடப்பா" என்று நானும் ஒரு வருஷம் விட்டுப்போனேன். மூன்றாவது வீட்டுக்கப்புறம் ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் அவள் சிறகு, தோளில் வாளி. டார்ச் ஆளுக்கொன்று. வேஷத்தின் முதுகிலும் வாளியிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை ஒட்டுங்கள். ஒளிரும் வளையல் குச்சி கொடுத்தால் வாயில் வைத்துக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் திரவம் எரிச்சலூட்டும்.

எந்த வீட்டுக்குப் போகலாம் என்பதற்கு ஒரே அடையாளம் வாசல் விளக்கு. விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால், எவ்வளவு அலங்காரம் இருந்தாலும், தட்டாமல் நகர்ந்துவிடுங்கள். வாசலில் கிண்ணம் மட்டும் இருந்து ஆள் இல்லையென்றால் ஒன்றே ஒன்று எடுக்க வேண்டும். பின்னால் வரும் பிள்ளைக்கும் வேண்டுமே. நீங்கள் நடைபாதையிலேயே நின்றுகொண்டு பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். இந்த வயதில் படி வரைக்கும் கூடவே போகவேண்டும். கதவு திறந்ததும் நாய் பாய்ந்து வரலாம்.

சாலை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை 42 ஹாலோவீன் மாலைகளில் நடந்த சாலை மரணங்களை, ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடந்துபோகிறவர் வண்டி மோதி இறக்கும் அபாயம் அன்று 43 சதவீதம் கூடுதல். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. பயப்பட வேண்டிய பேய் அந்தத் தெருவில் அதுதான். எதிர்ச்சாரியில் நல்ல வீடு தெரிகிறது என்று நடுவில் கடக்காதீர்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்து, முனையில் கடந்து, மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். டிரைவ்வேயில் பின்னோக்கி வரும் காரையும் பாருங்கள், ஓட்டுகிறவர் கண்ணில் மூன்றடிப் பிள்ளை படவே படாது.

எத்தனை வீடு? இரண்டு வயதுக்கு ஐந்தாறு, நாலு வயதுக்குப் பதினைந்து என்று நான் வைத்துக்கொள்வேன். ஆனால் கணக்கு பிள்ளையின் காலில்தான் இருக்கிறது. என் மகள் முதல் வருஷம் நாலாவது வீட்டில், தன் வாளியிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, கொடுக்க வந்தவர் கையில் வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றாள். போய்விட்டோம். அவளுக்கு அது நிறைவான ஹாலோவீன்.

உங்கள் வாசலிலும் விளக்கு எரியட்டும்

வாங்கப் போகும் வீட்டில் கொடுக்கவும் ஒருவர் இருக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும், பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். காஸ்ட்கோவிலும் வால்மார்ட்டிலும் சின்னச் சாக்லேட்டும் சிப்ஸ் பாக்கெட்டும் பெட்டி பெட்டியாக விற்பார்கள். கடைசி நாளில் நல்லது தீர்ந்துபோகும். வேர்க்கடலை இல்லாததாக வாங்கினால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி பார்த்தால், அங்கே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தின்பண்டம் அல்லாத ஸ்டிக்கர், பென்சில் மாதிரி ஏதாவது இருக்கிறது என்று பொருள். உங்கள் வாசலிலும் ஒன்று வைக்கலாம்.

எங்கள் வீட்டில் கொடுக்கும் பொறுப்பு பாட்டிக்கு. காதுக்கு மப்ளர் கட்டி, புடவைக்கு மேல் கோட்டு போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்று ஒன்றாகக் கொடுக்க மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கை நிறைய அள்ளிப்போட்டார். ஏழு மணிக்கெல்லாம் பெட்டி காலி. தீர்ந்துவிட்டால் ஒன்றும் குற்றமில்லை, வாசல் விளக்கை அணைத்துவிட்டால் போதும்.

பூசணியை இரண்டு மூன்று நாள் முன்னால் செதுக்குங்கள், அதற்கு முன் செதுக்கினால் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிடும். கத்தி உங்கள் கையில், உள்ளிருக்கும் நாரும் விதையும் வழிக்கும் வேலை பிள்ளைக்கு. மெழுகுவத்தி வேண்டாம், தொங்கும் வேஷத் துணியில் தீப்பிடிக்கும். பேட்டரி விளக்கு வையுங்கள். விதையைக் கழுவிக் காயவைத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தால் அருமையாக இருக்கும். ஆனால் செதுக்கவென்று விற்கும் பெரிய பூசணியைக் கூட்டுக்கு எடுக்காதீர்கள், தண்ணீரும் நாருமாகச் சப்பென்று இருக்கும். சமைக்கவும் 'பை' என்ற இனிப்புப் பலகாரம் செய்யவும் விற்கும் சின்னப் பூசணிதான் நம் பரங்கிக்காய் ருசிக்குப் பக்கத்தில் வரும்.

வாளியைக் கவிழ்த்தபின்

தரையில் துணி விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். பிரிந்தது, ஓட்டை விழுந்தது, யார் செய்தது என்று தெரியாத வீட்டுப் பலகாரம் இவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். விஷம், பிளேடு என்று ஒவ்வொரு வருஷமும் வாட்ஸ்அப்பில் சுற்றும். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தேடிப் பார்த்தவர். ஹாலோவீனில் அந்நியர் கொடுத்த மிட்டாயில் இருந்த நஞ்சால் ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூடக் கண்டதில்லை என்கிறார். அந்தப் பயத்தில் வீட்டோடு இருந்துவிட வேண்டாம். கஞ்சா கலந்த மிட்டாயைப் பற்றி மட்டும் கவனம் வேண்டும். கனடாவில் பெரியவர்களுக்கு அது சட்டப்படி கிடைக்கிறது, கள்ளத்தனமாக விற்பவை சாதாரண மிட்டாய் உறையைப் போலவே அச்சடித்து வரும். எழுத்தும் உறையும் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்தால் குப்பையில் போடுங்கள்.

உண்மையான ஆபத்து தொண்டையில் அடைப்பது. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கெட்டி மிட்டாய், முழுக் கடலை, சூயிங்கம், பிசுபிசுக்கும் டாஃபி கொடுக்கவே கூடாது என்று இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடலை ஒவ்வாமை இருந்தால் சின்ன அளவு சாக்லேட்டின் உறையையும் படியுங்கள். பெரிய அளவில் ஒத்துக்கொண்ட அதே சாக்லேட்டின் சின்ன அளவில் சேர்மானம் வேறாக இருக்கலாம். சைவக் குடும்பங்கள் பார்க்க வேண்டியது ஜெலட்டின். கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, ரைஸ் கிரிஸ்பீஸ் சதுரம் இவற்றில் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும்.

எடுத்ததற்குப் பதில் வேறு கொடுத்துவிடுங்கள், வெறுமனே பிடுங்காதீர்கள். நான் கொஞ்சம் சாக்லேட்டைத் தனியே வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுக்கு ஒன்று மாற்றுவேன். அன்றிரவு பிடித்தது மூன்று, மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்கப்புறம் ஒன்று. எதை என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

நவம்பர் 1 மாலை முடிந்தால் டொராண்டோவின் சொராரன் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். 2004 முதல் அக்கம்பக்கத்தார் தாங்கள் செதுக்கிய பூசணிகளை அங்கே கொண்டுவந்து வரிசையாக வைத்து விளக்கேற்றுகிறார்கள். கண்ணுக்கெட்டிய வரை மினுங்கும் முகங்கள், ஊர்க் கோயில் கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும். பல பேட்டைப் பூங்காக்களிலும் இப்போது இது நடக்கிறது. உங்கள் பூசணியை அங்கே வைத்துவிட்டு வந்தால் மறுநாள் நகராட்சி அள்ளிக்கொண்டுபோய் உரமாக்கிவிடும். வீட்டிலேயே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி விளக்கை எடுத்துவிட்டு, மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள்.